ஆரம்பப் பிரிவு ஆசிரியராக வர விரும்புகிறீர்களா? யாழ்ப்பாண மாணவருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

உயர்தரப் பெறுபேறு வந்த கையோடு பல வீடுகளில் ஆசிரியத் தொழில் பற்றிய பேச்சு எழுகிறது. ஆரம்பப் பிரிவு என்றால் சின்னப் பிள்ளைகள்தானே, அதற்குப் பெரிதாகப் படிக்க என்ன இருக்கிறது என்ற நினைப்பும் கூடவே வந்துவிடுகிறது. அந்த நினைப்போடு ஒருவரும் இந்தப் பாதையில் இறங்கக் கூடாது. ஒரு பிள்ளை முதன்முதலாக எழுத்துகளைச் சேர்த்து வாசிக்கும்போதும், பத்தைத் தாண்டி எண்ணப் பழகும்போதும் பக்கத்தில் நிற்பவர் ஆரம்பப் பிரிவு ஆசிரியர். அங்கே விடுபட்டதைத் தரம் 10இல் பிடித்துக் கொடுப்பது மிகவும் கடினம்.

விண்ணப்பத்தில் தொடங்கி நியமனத்துக்குப் பின்னால் வரும் படிப்பு வரை இங்கே வரிசையாகச் சொல்கிறேன். படிவம் நிரப்ப உதவி செய்ய ஊரில் ஆட்கள் இருக்கிறார்கள். கல்லூரியில் படிக்கும் பாடங்களை எப்படி அணுகுவது என்று சொல்லத்தான் ஆட்கள் குறைவு. ஆகவே அந்தப் பகுதியை நீட்டி எழுதியிருக்கிறேன்.

முதற்படி: பாதையைத் தெரிவு செய்தல்

உயர்தரம் முடித்தவர் நேரடியாகப் போகக்கூடிய பாதை தேசிய கல்வியியற் கல்லூரி. 1986ஆம் ஆண்டின் 30ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் உருவான கல்லூரிகள் இவை. நமக்குக் கோப்பாயில் யாழ்ப்பாணம் தேசிய கல்வியியற் கல்லூரி இருக்கிறது. வவுனியா, மட்டக்களப்பு, அட்டாளைச்சேனை, மலையகத்தின் பத்தனை ஆகிய இடங்களிலும் தமிழ்மொழி மூலம் படிக்கலாம். படிப்பு 3 ஆண்டுகள். முதல் 2 ஆண்டுகள் விடுதியில் தங்கிப் படிக்க வேண்டும், மூன்றாம் ஆண்டு பாடசாலையில் கட்டுறு பயிற்சி. முடிவில் கிடைப்பது கற்பித்தலில் தேசிய டிப்ளோமா. அதோடு இலங்கை ஆசிரியர் சேவையில் நியமனம் வருகிறது.

இரண்டாவது பாதை பல்கலைக்கழகப் பட்டம். பட்டதாரியாக ஆசிரியர் நியமனம் பெற்றபின் பட்டப்பின் கல்வி டிப்ளோமா செய்கிறார்கள். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் கல்வியியல் துறை அதை நடத்துகிறது. இலங்கைத் திறந்த பல்கலைக்கழகத்தின் கல்விப் பீடத்தில் முன்பிள்ளைப் பருவக் கல்விக்கும் ஆரம்பக் கல்விக்கும் என்றே தனித்துறை உண்டு. அதன் யாழ்ப்பாணப் பிராந்திய நிலையம் கொக்குவில் பிறவுண் வீதியில் இருக்கிறது.

கோப்பாயில் இன்னொரு நிறுவனமும் இருப்பதால் இரண்டையும் பலர் ஒன்றாக நினைத்துவிடுகிறார்கள். ஆசிரிய கலாசாலை, ஏற்கெனவே நியமனம் பெற்றுப் பயிற்சி பெறாமல் இருக்கும் ஆசிரியர்களுக்கானது. உயர்தரம் முடித்தவுடன் விண்ணப்பிக்க வேண்டிய இடம் கல்வியியற் கல்லூரி.

எச்சரிக்கை ஒன்று. முன்பள்ளி ஆசிரியர் டிப்ளோமா, மொண்டிசோரி டிப்ளோமா என்று நகரில் பல விளம்பரங்களைக் காணலாம். முன்பள்ளியில் கற்பிக்க அவை உதவலாம். ஆனால் அரச பாடசாலையின் தரம் 1 முதல் 5 வரையான வகுப்புக்கு ஆசிரியராக அவை வழி திறக்கும் என்று யாராவது சொன்னால், பணம் கட்டுவதற்கு முன் வலயக் கல்விப் பணிமனையில் ஒரு தடவை கேட்டுவிடுங்கள். யாழ் மாவட்டத்தில் யாழ்ப்பாணம், வலிகாமம், தென்மராட்சி, வடமராட்சி, தீவகம் என ஐந்து வலயங்கள் உண்டு. உங்கள் வலயத்துக்குப் போய்க் கேட்க அரை நாள் போதும்.

இரண்டாம் படி: வர்த்தமானியை வாசித்தல்

கல்வியியற் கல்லூரிக்கான அறிவித்தல் அரச வர்த்தமானியில் வரும். வர்த்தமானி வெள்ளிக்கிழமைகளில் வெளியாகிறது, இணையத்தில் தமிழிலும் எடுக்கலாம். வயதெல்லை, சாதாரண தரத்தில் வேண்டிய சித்திகள், எந்த உயர்தர ஆண்டின் பெறுபேறு, எந்தக் கல்லூரியில் எந்தப் பாடநெறி என்பதெல்லாம் ஒவ்வொரு அறிவித்தலிலும் தனித்தனியாக விதிக்கப்படும். அக்கா போனபோது இருந்த நிபந்தனை தங்கை போகும்போது மாறியிருக்கலாம். முகநூலில் சுற்றும் சுருக்கத்தை நம்பாமல் மூல அறிவித்தலை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை வாசியுங்கள்.

தெரிவுக்கு உயர்தர இசட் புள்ளி முக்கியம், அதற்குப் பிறகு நேர்முகப் பரீட்சை. பிறப்புச் சான்றிதழ், தேசிய அடையாள அட்டை, பெறுபேற்றுச் சான்றிதழ்கள், வதிவிடத்தை உறுதிப்படுத்தும் கடிதம் எல்லாவற்றையும் முன்கூட்டியே ஒரு கோப்பில் போட்டு வையுங்கள். பெயரில் ஓர் எழுத்து மாறியிருந்தாலும் இப்போதே திருத்துங்கள். பிறப்புச் சான்றிதழில் ஒரு விதமாகவும் பரீட்சைச் சான்றிதழில் இன்னொரு விதமாகவும் பெயர் இருந்தால் கடைசி நேரத்தில் அலைய வேண்டி வரும்.

மூன்றாம் படி: காத்திருக்கும் காலம்

பெறுபேறு வந்து கல்லூரிக்குள் கால் வைக்கும் வரை ஓராண்டுக்கு மேலும் போகலாம். இந்தக் காலத்தை வீணாக்காதீர்கள். ஊர் அறநெறிப் பாடசாலையிலோ சனசமூக நிலையத்திலோ சின்னப் பிள்ளைகளுக்குக் கதை வாசித்துக் காட்டுங்கள். யாழ் பொது நூலகத்தின் சிறுவர் பகுதியில் போய் உட்கார்ந்து, பிள்ளைகள் எந்தப் புத்தகத்தை எடுக்கிறார்கள், எந்தப் பக்கத்தில் மூடி வைக்கிறார்கள் என்று பாருங்கள். சிங்களம் கொஞ்சம் படியுங்கள். பிள்ளைகளுக்கான பாட்டுகள் மனப்பாடமாக இருந்தால், தரம் 1 வகுப்பில் முதல் நாளே கைகொடுக்கும்.

தேசிய கல்வி நிறுவகத்தின் இணையத்தளத்தில் ஆசிரியர் வழிகாட்டிகளும், கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் தளத்தில் பாடப் புத்தகங்களும் இலவசமாகக் கிடைக்கின்றன. தரம் 1 முதல் 5 வரையான தமிழ், கணிதப் புத்தகங்களைத் தரவிறக்கி வரிசையாகப் புரட்டுங்கள். ஒரு கருத்து தரம் 1இல் எப்படி முளைத்துத் தரம் 5இல் எங்கே போய் நிற்கிறது என்பது அப்போது தெரியும்.

நான்காம் படி: ஆரம்பக் கல்வியின் அமைப்பைப் புரிந்துகொள்ளுதல்

ஜனவரி 31ஆம் திகதிக்கு 5 வயது நிறைந்த பிள்ளை அந்த ஆண்டில் தரம் 1இல் சேர்கிறது. அப்படியென்றால், ஒரே வகுப்பில் 5 வயது இப்போதுதான் நிறைந்த பிள்ளையும் கிட்டத்தட்ட 6 வயதுப் பிள்ளையும் அருகருகே இருப்பார்கள். அந்த வயதில் ஓராண்டு பெரிய இடைவெளி. பென்சில் பிடிப்பு, பேச்சு, பொறுமை எல்லாவற்றிலும் அது தெரியும். "இந்தப் பிள்ளை மந்தம்" என்று சொல்ல வாய் வரும்போது பிறந்த திகதியை ஒரு தடவை பாருங்கள்.

1999இலிருந்து நாடு முழுவதும் நடைமுறைக்கு வந்த ஆரம்பக் கல்விச் சீர்திருத்தம் இந்த ஐந்து ஆண்டுகளை மூன்று முதன்மை நிலைகளாகப் பிரித்தது. தரம் 1, 2 முதலாவது, தரம் 3, 4 இரண்டாவது, தரம் 5 மூன்றாவது. விளையாட்டு, செயற்பாடு, எழுத்து வேலை என்று கற்றலும் மூன்று வகையாக நடக்க வேண்டும். தொடக்கத்தில் விளையாட்டு கூடுதலாக இருக்கும், மேலே போகப் போக எழுத்து வேலை கூடும். தாய்மொழி, கணிதம், சமயம், சுற்றாடல் சார்ந்த செயற்பாடுகள் ஆகியவை முதன்மைப் பாடங்கள். தரம் 1இல் முதல் தவணையிலேயே கொப்பி நிறைய எழுதுவிக்கும் வகுப்பு, பெற்றோருக்குப் பிடித்தாலும், இந்த அமைப்புக்கு எதிரானது.

ஐந்தாம் படி: பாடங்களைப் படித்தல்

கல்வி உளவியல், கல்வித் தத்துவம், கல்விச் சமூகவியல், கலைத்திட்டம், கணிப்பீடும் மதிப்பீடும், வழிகாட்டலும் ஆலோசனையும், உட்படுத்தற் கல்வி (குறைபாடுள்ள பிள்ளைகளையும் சேர்த்துக் கற்பித்தல்) என்று தொழில்சார் பாடங்கள் வரிசையாக வரும். அவற்றோடு தமிழ், கணிதம், சுற்றாடல், அழகியல், உடற்கல்வி ஆகியவற்றைக் கற்பிக்கும் முறைகள், ஆங்கிலம், சிங்களம், தகவல் தொழினுட்பம். குறிப்பைப் பார்த்து எழுதி, மனப்பாடம் செய்து, பரீட்சையில் கொட்டிவிட்டு மறக்கிற பழக்கம் உயர்தரத்திலிருந்து கூடவே வரும். அதற்கு நான் சொல்லும் மருந்து ஒன்றுதான்: ஒரு பிள்ளையைத் தெரிவு செய்யுங்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளை, மருமகன், தங்கையின் மகள், யாராகவும் இருக்கலாம். அம்மா அப்பாவிடம் சொல்லிவிட்டு, ஒவ்வொரு பாடத்தில் படிப்பதையும் அந்தப் பிள்ளையோடு வைத்துப் பாருங்கள்.

உளவியலில், பிள்ளைகளின் சிந்தனை வளர்ச்சியை ஆராய்ந்த பியாஜே வருவார். 2 முதல் 7 வயது வரை, 7 முதல் 11 வரை என்று அவர் வகுத்த பருவங்களை எல்லோரும் எழுதுவார்கள். நீங்கள் ஒரே அளவான இரண்டு தம்ளர்களில் தண்ணீரைச் சமமாக ஊற்றி, ஒன்றை ஒடுங்கிய உயரமான போத்தலுக்கு மாற்றுங்கள். "எதில கூட இருக்கு?" என்று 5 வயதுப் பிள்ளையைக் கேட்டால் பெரும்பாலும் போத்தலைக் காட்டும். 8 வயதுப் பிள்ளை உங்களை விசித்திரமாகப் பார்த்து "ரெண்டும் ஒண்டுதானே" என்று சொல்லும். இதைக் கண்ணால் கண்டவருக்கு அந்தப் பருவங்கள் மறக்காது. இன்னோர் உளவியலாளரான வைகொட்ஸ்கியின் அண்மைய விருத்தி வலயமும் அப்படித்தான். பிள்ளை தனியாகச் செய்ய முடியாமல், நீங்கள் ஒரு சொல் எடுத்துக் கொடுத்ததும் செய்து முடிக்கிற வேலைகளை ஒரு கிழமைக்குக் குறித்து வைத்தால் அந்த வலயம் எங்கே இருக்கிறது என்று தெரிந்துவிடும்.

தாய்மொழி கற்பித்தலுக்குக் கூடிய நேரம் ஒதுக்குங்கள். வாசிக்கத் தெரியாத பிள்ளைக்குக் கணிதமும் சுற்றாடலும் கூடப் பூட்டியபடிதான் இருக்கும். விஜயதசமியில் ஏடு தொடக்கி, அரிசியில் அ எழுதிய பிள்ளைதான் நம் வகுப்புக்கு வருகிறது. அதற்காக 247 எழுத்துகளின் அட்டவணையைச் சுவரில் தொங்கவிட்டு அ தொடக்கம் ஒப்புவிக்கச் செய்வது வாசிப்பு ஆகாது. ட, ப, ம போன்ற நேர்கோட்டு எழுத்துகள் பிஞ்சு விரலுக்கு இலகு. அந்த மூன்றையும் குற்றுப் போடவும் கற்பித்துவிட்டால் படம், பட்டம், மட்டம் என்று முழுச் சொற்களைப் பிள்ளை தானே வாசித்துவிடும். தை மாதம் வல்வெட்டித்துறை வானத்தில் பட்டம் பார்த்த பிள்ளைக்கு அந்தச் சொல்லில் வரும் மகிழ்ச்சி வேறு.

எங்கே தடக்குப்படும் என்பதையும் முன்கூட்டியே அறிந்திருக்க வேண்டும். அரவும் (ா) விசிறியும் (ி, ீ) எழுத்துக்குப் பின்னாலோ மேலேயோ வரும். கொம்பு (ெ, ே) முன்னால் வரும், ஒலியோ பின்னால் கேட்கும். 'கொ' எழுதும்போது எழுத்தின் இரு பக்கமும் குறி வருகிறது. சொல்வதெழுதலில் இந்த இடங்களில் பிழை விடும் பிள்ளை கவனமில்லாத பிள்ளை என்று முடிவு கட்டாதீர்கள். பிழைகளை இனம் பிரித்து ஒரு பட்டியல் போடுங்கள்: எழுத்தே தெரியாதது, குறி மாறியது, ல ள ழ மயக்கம், ர ற மயக்கம், விடுபட்ட ஒற்று. ஒவ்வொன்றுக்கும் மருந்து வேறு. எல்லாவற்றுக்கும் "பத்துத் தரம் எழுது" என்று சொல்வதால் பயனில்லை.

பேச்சுத் தமிழைப் பற்றியும் ஒரு வார்த்தை. நம் பிள்ளை "உது", "பேந்து", "வரேல்லை" என்று சொல்லிக்கொண்டுதான் வகுப்புக்கு வரும். அதைப் பிழை என்று வெட்டினால் பிள்ளை வாயை மூடிக்கொள்ளும். முதலில் தன் மொழியிலேயே கதை சொல்லட்டும். பிறகு, புத்தகத்தில் இதை எப்படி எழுதுவார்கள் என்று மெதுவாகக் கொண்டுபோகலாம். பேசப் பயப்படும் பிள்ளை எழுதவும் மாட்டாது.

கணிதத்தில் உளவியலாளர் புரூணர் சொன்ன ஒழுங்கைப் பின்பற்றுங்கள்: முதலில் கையால் செய்வது, பிறகு படம், கடைசியில் குறியீடு. இடப்பெறுமானம் கற்பிக்கக் கடைக்குப் போக வேண்டியதில்லை. விளக்குமாறு பழசானால் அதன் ஈர்க்குகளை ஒரே நீளமாக வெட்டி, பத்துப் பத்தாக இறப்பர் வளையம் போட்டுக் கட்டுங்கள். 23 என்றால் இரண்டு கட்டும் மூன்று தனி ஈர்க்கும். 23இலிருந்து 7ஐக் கழிக்கும்போது ஒரு கட்டை அவிழ்க்க வேண்டி வரும். "கடன் வாங்குதல்" என்று நாம் சொல்லும் அந்த வேலை பிள்ளையின் கையிலேயே நடந்துவிடுகிறது. 29க்கு அடுத்து "இருபத்துப்பத்து" என்று சொல்லும் பிள்ளையைத் திட்டாதீர்கள். எண்களின் ஒழுங்கை அது பிடித்துவிட்டது, முப்பது என்ற பெயர்தான் அதற்கு இன்னும் தெரியவில்லை.

சுற்றாடல் பாடத்தில் யாழ்ப்பாணத்தைக் கொண்டுவர வேண்டியது உங்கள் பொறுப்பு. ஆறும் மலையும் படத்தில் இருக்கும். குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு இல்லை, வழுக்கையாறு மாரியில் மட்டும் ஓடும். சுண்ணக்கல் நிலத்துக்குள் மழைநீர் இறங்கித்தான் நம் கிணறுகள் நிறைகின்றன. ஒக்ரோபர் முதல் டிசம்பர் வரை பெய்யும் மழையை வாய் வெட்டிய பிளாஸ்ரிக் போத்தலில் வகுப்பே அளந்து குறிக்கட்டும். பாடம் தானாக நடக்கும். பனை ஒன்றை வைத்தே நுங்கு, பனாட்டு, ஒடியல், ஓலைப்பெட்டி என்று ஒரு தவணைக்கான செயற்பாடுகளைத் திட்டமிடலாம்.

கல்விச் சமூகவியலை மேலோட்டமாகப் படிக்காதீர்கள். 1995 ஒக்ரோபர் இடப்பெயர்வில் பெற்றோரின் கையைப் பிடித்து நடந்த பிள்ளைகள்தான் இன்று உங்கள் வகுப்புப் பிள்ளைகளின் அம்மா அப்பாக்கள். பாடசாலை இடையில் நின்றுபோனவர்கள் அவர்களில் பலர். பிள்ளையின் வீட்டுவேலைக்கு உதவாத தாயைக் குறை சொல்வதற்கு முன் அவருக்கு எந்த வயதில் எத்தனை பாடசாலைகள் மாறின என்று நினைத்துப் பாருங்கள்.

உட்படுத்தற் கல்வியில் இரண்டு விடயங்களையாவது நன்றாகப் படியுங்கள். ஒன்று, காது அல்லது கண் குறைபாட்டின் ஆரம்ப அறிகுறிகள்: கூப்பிட்டால் திரும்பாத பிள்ளை, கரும்பலகையைப் பார்க்கக் கண்ணைச் சுருக்கும் பிள்ளை. காது, கண் குறைபாடுள்ள பிள்ளைகள் படிக்கும் கைதடி நவீல்ட் பாடசாலைக்கு ஒருமுறை போய்ப் பார்க்க வாய்ப்புக் கிடைத்தால் தவறவிடாதீர்கள். மற்றது, வாசிப்பு இடர்பாடு. நன்றாகப் பேசி, நன்றாகச் சிந்தித்து, வாசிக்க மட்டும் திணறும் பிள்ளை சோம்பேறி இல்லை.

கணிப்பீட்டைப் பற்றிப் பேசினால் தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சையையும் பேச வேண்டும். தரம் 3இலிருந்தே பிள்ளையை மாதிரி வினாத்தாளுக்குள் தள்ளும் ஊர் நம்முடையது. ஆசிரியரை எடைபோடுவதும் அந்தப் பெறுபேற்றை வைத்துத்தான். வெட்டுப்புள்ளிக்கு மேலே வந்த பிள்ளைகளின் படம் வாசலில் தொங்கும்போது, வாசிக்கத் தெரியாமலே தரம் 6க்குப் போன பிள்ளையின் பெயர் எங்கும் இருக்காது. அத்தியாவசியக் கற்றல் தேர்ச்சிகள் என்று கலைத்திட்டம் குறிப்பிடுபவற்றை ஒவ்வொரு பிள்ளையும் அடைந்ததா என்று பதிவு வைப்பதுதான் உங்கள் முதல் கணக்கு. புலமைப்பரிசில் அதற்குப் பிறகு.

அழகியல், உடற்கல்வி, கணினி ஆகியவற்றைத் தட்டிக்கழிக்காமல் செய்தால் போதும். பாடவும் ஆடவும் கூச்சம் இருந்தால் கல்லூரியிலேயே உடைத்துவிடுங்கள்.

ஆறாம் படி: பாடக்குறிப்பும் கற்பித்தல் பயிற்சியும்

நுண்ணிலைக் கற்பித்தலில் உங்கள் சக மாணவர்களையே பிள்ளைகளாக வைத்துச் சில நிமிடங்கள் கற்பிப்பீர்கள். அதற்குப் பிறகு உண்மையான வகுப்பு. பாடக்குறிப்பு எழுதும்போது "விளங்கிக்கொள்வர்" என்று நோக்கத்தை முடிக்காதீர்கள். "5 பொருட்களை எண்ணி எடுப்பர்" என்பது போல, கண்ணால் பார்க்கக் கூடியதாக எழுதினால்தான் பாடம் வென்றதா என்று உங்களுக்கே தெரியும்.

துணைச்சாதனத்தில் பலர் இராப்பகலாக பிறிஸ்டல் போட் வெட்டி, மினுக்கல் ஒட்டி, பிள்ளை தொட்டால் பழுதாகிவிடும் என்று உயரத்தில் தொங்கவிடுகிறார்கள். எனக்கு இதில் உடன்பாடு இல்லை. புளியங்கொட்டை, சிப்பி, போத்தல் மூடி என்று பிள்ளை கையில் எடுத்து உருட்டக்கூடியவை பத்து மடங்கு பயன் தரும். மதிப்பிட வருபவருக்கும் அது விளங்கும்.

ஏழாம் படி: கட்டுறு பயிற்சி ஆண்டு

மூன்றாம் ஆண்டில் ஒரு பாடசாலையில் முழுநேரமாக நிற்பீர்கள். கல்லூரியிலிருந்து விரிவுரையாளர்கள் வந்து பார்ப்பார்கள், செயல்நிலை ஆய்வு ஒன்றும் செய்ய வேண்டும். ஆய்வுக்குப் பெரிய தலைப்புத் தேடாதீர்கள். "தரம் 2இல் கொம்பு சேர்ந்த எழுத்துகளில் பிழை விடும் ஆறு பிள்ளைகள்" என்பது நல்ல தலைப்பு. தொடக்கத்தில் அவர்களின் கொப்பியைப் படி எடுத்து வையுங்கள், தலையீட்டைச் செய்யுங்கள், தவணை முடிவில் மீண்டும் பாருங்கள். அவ்வளவுதான் செயல்நிலை ஆய்வு. யாரோ செய்ததைப் பார்த்து எழுதினால் மூன்று ஆண்டுப் படிப்பின் மிகச் சிறந்த பகுதியை இழக்கிறீர்கள்.

வகுப்பு சத்தம் போடும்போது கை நீளப் பார்க்கும். பிள்ளையை அடிப்பதைக் கல்வி அமைச்சின் சுற்றறிக்கைகள் தடை செய்துள்ளன. பக்கத்து வகுப்பில் தடி இருக்கிறது என்பது உங்களுக்குக் காரணமாகாது. கைதட்டுத் தாளம், ஒரு பாட்டு வரி, தாழ்ந்த குரல் என்று வகுப்பை அமைதிப்படுத்தும் வழிகளை அனுபவமுள்ள ரீச்சர்மாரிடம் கேட்டுப் பழகுங்கள். அவர்களில் சிலரிடம் புத்தகத்தில் இல்லாத வித்தை நிறைய இருக்கிறது. இடைவேளையில் அவர்களோடு உட்காருங்கள்.

எட்டாம் படி: நியமனமும் அதற்குப் பின்னும்

நியமனம் வெற்றிடம் இருக்கும் இடத்துக்குத்தான் வரும். குறிகாட்டுவானிலிருந்து படகேறிப் போகும் நெடுந்தீவாக இருக்கலாம், வன்னியில் பல தரங்களை ஒரே ஆசிரியர் பார்க்கும் சின்னப் பாடசாலையாக இருக்கலாம். பல்தர வகுப்புக் கற்பித்தல் என்ற பகுதியைக் கல்லூரியில் தூக்கத்தோடு கேட்டவர்கள் அங்கே போய்த்தான் தவிக்கிறார்கள். தரம் 3க்கு ஈர்க்குக் கட்டுக் கணக்கைக் கொடுத்துவிட்டு, தரம் 1ஐ மடியில் இருத்தி வாசிப்பிக்கும் நேர ஒழுங்கை இப்போதே எழுதிப் பழகுங்கள்.

சேவையில் நிரந்தரமான பின் கல்விமாணி (B.Ed.) பட்டத்துக்குப் போகலாம். மகரகமவிலுள்ள தேசிய கல்வி நிறுவகமும் திறந்த பல்கலைக்கழகமும் சேவையிலுள்ள ஆசிரியர்களுக்கு அந்த வாய்ப்பைத் தருகின்றன. வேலை செய்தபடி படிப்பது களைப்புத்தான். முதல் ஒன்றிரண்டு ஆண்டுகள் வகுப்பைப் பிடித்துக்கொண்டு, பிறகு பதியுங்கள். வகுப்பறைக் குறிப்புக் கொப்பி ஒன்றை முதல் நாளிலிருந்தே வைத்திருந்தால், பட்டப் படிப்பின் ஒப்படைகளுக்கு வேண்டிய உதாரணங்கள் அதிலேயே இருக்கும்.